ஷார்பாந்தியேயின் வழிபாட்டு இசையை எங்கிருந்து தொடங்குவது?

முத்தியால்பேட்டை வாசகர்:
புதுச்சேரியில் ஒரு பங்குக் கோவிலின் பாடகர்குழுவில் பாடி வருகிறேன். மார்க் அந்துவான் ஷார்பாந்தியே (1643–1704) என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரை, யூரோவிஷன் என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி ஒளிபரப்பின் முகப்பிசையாகிவிட்ட ‘தெ தேயும்’ என்ற லத்தீன் புகழ்ப்பாடலின் முன்னிசையைக் கொண்டு மட்டுமே அறிவேன். அந்த எக்காள முழக்கத்துக்கு அப்பால் அவருடைய எந்தப் படைப்பைக் கேட்கலாம்? ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அளவுக்கு அவர் ஏன் பேசப்படுவதில்லை?

கடலூர் ரசிகர்:
1694 வாக்கில் அவர் எழுதிய ‘நள்ளிரவுத் திருப்பலி’யைக் கேளுங்கள். பிரெஞ்சு மக்கள் வழிவழியாகப் பாடிய கிறிஸ்து பிறப்புப் பாட்டுகளின் மெட்டுகளிலேயே லத்தீன் மன்றாட்டுகளைப் பொருத்தியிருக்கிறார். சூசையப்பரின் திருமணத்தைப் பாடும் துள்ளல் மெட்டில்தான் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்பது தொடங்குகிறது. ஆனால் விசுவாச அறிக்கையில் இறைவன் மனிதரான இடம் வந்ததும், நாட்டார் மெட்டை விட்டுவிட்டுத் தாமே இசையமைக்கிறார். குரல்கள் அடங்கி மெல்ல நகர்கின்றன. (அப்போது நம் புதுச்சேரி டச்சுக்காரர் வசம் இருந்தது என்பது வேறு கதை.)

தமிழிசை மாணவர்:
நான் சற்று மாறுபடுகிறேன். பாடகருக்கு முதலில் உரியது, சீடர் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுத்த கதையைப் பாடும் ‘புனித பேதுருவின் மறுதலிப்பு’. சேவல் கூவியபின் பேதுரு மனம் கசந்து அழுததைப் பாடும் இறுதிக் கூட்டுப்பாடலில், ஒரு குரல் இறங்குவதற்குள் அடுத்த குரல் அதனோடு உரசி நிற்க, அந்த உரசல் தீருமுன்னே இன்னொன்று எழுகிறது. ஆறுதல் சொல்லாமல் அங்கேயே முடித்துவிடுகிறார்.

புகழ் குறைந்ததற்கு இசை காரணமன்று. இசை நாடகத்தின் தனியுரிமை அரசவை இசையமைப்பாளர் லுல்லியிடம் இருந்தது. ஷார்பாந்தியேவுக்கு அரசவையில் நிலையான பதவி வாய்க்கவில்லை. கீஸ் சீமாட்டியின் மாளிகைக்கும், சேசு சபையாருக்கும், 1698 முதல் பாரிசின் சேன்த் சப்பேல் ஆலயத்துக்கும் எழுதினார்; அச்சேறியது மிகக் குறைவு. கையெழுத்துப் படிகளை அவருடைய சகோதரியின் மகன் 1727இல் அரச நூலகத்துக்கு விற்றதால்தான் 28 தொகுதிகள் பிழைத்தன.

முத்தியால்பேட்டை வாசகர்:
நன்றி. கீபோர்டு மட்டுமே உள்ள எங்கள் குழு நள்ளிரவுத் திருப்பலியைப் பாட இயலுமா?

கடலூர் ரசிகர்:
இயலும். புல்லாங்குழல், வயலின் பகுதிகளைக் கீபோர்டிலேயே வாசிக்கலாம். ஆனால் அக்காலப் பிரெஞ்சுச் சுருதி இன்றையதைவிட ஏறத்தாழ ஒரு முழுச் சுரம் தாழ்ந்தது. ஆகவே டிரான்ஸ்போஸ் செய்து இறக்கிக்கொண்டால் மேல்குரல் பெண்களுக்குத் தொண்டை இறுகாது. இரண்டாம் குரல் உயர்ந்த ஆண் குரலுக்கு எழுதப்பட்டது. அதைப் பெண்களிடம் மட்டும் விட்டால் கீழ்ச் சுரங்கள் கேட்காது, ஆண்கள் இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.