போர்ஷே 911 கரேரா எஸ்: 2006 மேனுவலா, 2009 பிடிகேயா (இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்)?

இரண்டு பழைய கார்களுக்கு நடுவே சிக்கி நிற்கிறேன். இரண்டும் 3.8 லிட்டர், பின்சக்கர இயக்கம். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

2006 (997.1, அதாவது 997 தலைமுறையின் முதல் பதிப்பு): ஆறு கியர் மேனுவல், 355 குதிரைத்திறன். ஸ்டியரிங் கைக்குத் தரும் சாலை உணர்வுக்கு இதற்கே என் ஓட்டு. பயம் இரண்டு. ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்குவது) பெரிய வகையாக இருந்தால் எஞ்சினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய பயம் சிலிண்டர் சுவரில் விழும் கீறல்.

இதுவரை பார்த்தது: ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்தோம், காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை, அலுமினியப் பொடியும் இல்லை. ஓவர்ரெவ் பதிவில் (எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்ற கணக்கு) கடுமையான நிலைகளான 4 முதல் 6 வரை பூஜ்யம். பிளக் துளை வழியே கேமரா விட்டதில் ஆறு சிலிண்டரும் சுத்தம். ஆனால் ஒரு பக்கச் சைலன்சர் குழாயில் மட்டும் ஈரக் கரி. விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சின் சூடான பிறகும் ஐடிலில் மெல்லிய 'டிக் டிக்' நிற்கவில்லை. இரண்டும் அந்தச் சிலிண்டர் கீறலின் அடையாளமாக இருக்கலாம். சம்ப்பை (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) கழற்றிச் சிலிண்டர்களைக் கீழிருந்து பார்க்க விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை.

2009 (997.2): நேரடி எரிபொருள் பாய்ச்சல், 385 குதிரைத்திறன், ஐஎம்எஸ் பேரிங்கே கிடையாது. உள்வால்வில் கரி படியும், உயர் அழுத்த பம்ப் தகராறு செய்யலாம், அவை சமாளிக்கக்கூடியவை. பிடிகே பழுதானால்தான் செலவு கையைக் கடிக்கும். கியர் எண்ணெய் மாற்றியதற்கு ரசீது இருக்கிறது, பிழைக்குறியீடு எதுவும் இல்லை.

இந்த 997.1 எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களிடம் ஒரே கேள்வி: கீழிருந்து பார்க்க வழியில்லாத நிலையில், அந்த ஒருபக்கக் கரியும் சத்தமும் மட்டுமே 2006-ஐக் கைவிடப் போதுமான காரணமா?