'எதிர்மறை வலுவூட்டல்': இந்தச் சொல்லை விட்டுவிடலாமா?

> பாடநூலில் பழகிப்போன சொல்தானே, எதற்கு இன்னொன்று?

ஐயா, பழகிய சொல்தான், ஆனால் முதலாண்டு உளவியல் வகுப்பில் இதை வைத்துக்கொண்டு நான் படும் பாடு கொஞ்சமல்ல. எடுத்துக்காட்டு கேட்டால் பாதிப் பேர் அடி, திட்டு, அபராதம் என்று எழுதுகிறார்கள். அது தண்டனை. எதிர்மறை வலுவூட்டல் (negative reinforcement) அதற்கு நேர்மாறு, தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு நடத்தை கூடுவது: உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளைச் சோதிக்க அமைத்த பெட்டியின் தரையில் மின்னதிர்ச்சி வந்துகொண்டே இருக்கிறது, எலி நெம்புகோலை அழுத்துகிறது, அதிர்ச்சி நின்றுவிடுகிறது, அடுத்த முறை எலி சீக்கிரமே போய் அழுத்துகிறது. நடத்தை கூடுகிறது, குறையவில்லை.

கோளாறு 'எதிர்மறை'யில் இருக்கிறது. இங்கே அதற்குக் கணக்கில் வரும் கழித்தல் குறி என்றுதான் பொருள், நம் காதில் விழுவதோ 'கெட்டது' என்று. மாணவர்களையும் குறைசொல்ல முடியாது, 1938இல் ஸ்கின்னரே இந்தச் சொல்லை இன்று நாம் தண்டனை என்பதற்குத்தான் பயன்படுத்தினார், 1953 நூலில்தான் இன்றைய பொருள்.

சென்ற மடலில் மாற்றுச் சொல்லாக வந்த 'நீக்க வலுவூட்டல்' பரவாயில்லை, ஆனால் வலுவூட்டலையே நீக்குவது என்றும் படிக்கலாம். பரிசு நின்றதும் பழக்கம் மெல்ல மங்குவது வேறு பாடம், இரண்டும் கலந்துவிடும்.

வினையெச்சம் போட்டுப் பாருங்களேன்: எதிர்மறை வலுவூட்டலுக்கு 'நீக்கி வலுவூட்டல்', நேர்மறை வலுவூட்டலுக்கு 'கொடுத்து வலுவூட்டல்'. தண்டனைக்கும் அப்படியே, 'கொடுத்துத் தண்டித்தல்' (அடி), 'நீக்கித் தண்டித்தல்' (விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவது). எதை நீக்கி, எதற்கு வலு என்ற கேள்வி சொல்லிலேயே வந்துவிடுகிறது. குழந்தை கடையில் அழுகிறது, அம்மா கைப்பேசியைக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. குழந்தையின் அழுகைக்கு இது கொடுத்து வலுவூட்டல். அம்மா கைப்பேசி கொடுப்பதற்கோ நீக்கி வலுவூட்டல், அடுத்த தடவை இன்னும் வேகமாக நீட்டுவார். பழைய சொற்களை வைத்துக்கொண்டு இதைக் கரும்பலகையில் விளக்கிப் பாருங்கள், புரியும்!

எச்சத்தில் தொடங்கினால் கலைச்சொல் ஆகுமா என்று கேட்பீர்கள். வலுவூட்டல் தொழிற்பெயர்தானே, முன்னால் எச்சம் வந்தால் என்ன?

ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். நீக்கப்படும் அந்த மின்னதிர்ச்சிக்குப் பெயர் வேண்டும். இப்போது 'எதிர்மறை வலுவூட்டி' என்கிறோம், என் வழியில் 'நீக்கி வலுவூட்டி' என்றால் கறை நீக்கி மாதிரி ஏதோ பொருள் போல இருக்கிறது. 'தொல்லைத் தூண்டல்' என்று தற்காலிகமாக ஓட்டுகிறேன், அப்புறம் யாராவது நல்லதாகச் சொன்னால் மாற்றிக்கொள்கிறேன்.