கலைச்சொல் பரிந்துரை: அந்தாதிக் கலவை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டிஸ்கோ இசைச் சொற்பட்டியலில் 'நான்ஸ்டாப் மிக்ஸ்' என்பதற்கு நேரே 'பாடல் கதம்பம்' என்று போட்டிருக்கிறோம். இது பொருந்தவில்லை. கதம்பம் என்றால் மெட்லிதான்: ஒவ்வொரு பாட்டிலும் பல்லவியை மட்டும் கிள்ளி எடுத்து வரிசையாகப் பாடுவது.

நாம் பெயர் தேடும் பொருளுக்கு நல்ல சான்று, குளோரியா கெய்னரின் முதல் ஆல்பமான 'நெவர் கேன் சே குட்பை' (எம்ஜிஎம், 1975). இசைத்தட்டின் முதல் பக்கத்தில் மூன்றே பாட்டு: 'ஹனி பீ', தலைப்புப் பாட்டு, 'ரீச் அவுட், ஐல் பீ தேர்'. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 19 நிமிடம் நிற்காமல் ஓடுகின்றன. கலவை டாம் மோல்டனுடையது. தலைப்புப் பாட்டை 1971இல் ஜாக்சன் 5 குழுவும், மூன்றாவது பாட்டை 1966இல் ஃபோர் டாப்ஸ் குழுவும் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியபோது, அவை மூன்று நிமிட வானொலி அளவில் இருந்தன. இங்கே ஒவ்வொன்றும் அதைப்போல் இரு மடங்கு நீளம். கதம்பம் பாட்டைச் சுருக்கும். இது பாட்டை நீட்டும்.

ஒரு பாட்டின் கடைசித் தாளமே அடுத்த பாட்டின் முதல் தாளமாக ஆவதால், 'அந்தாதிக் கலவை' என்று சொல்லலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

* * *

வணக்கம் ஐயா. கதம்பம் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தாதி பற்றி எனக்கு இரண்டு தயக்கம். அந்தாதியில் முடிந்த எழுத்தோ அசையோ சொல்லோ அடியோ அடுத்த பாட்டின் தலையில் மறுபடி வரவேண்டும்; இங்கே மெட்டும் சொல்லும் மாறிவிடுகின்றன. அடுத்து, நூலின் இறுதி முதலோடு வந்து மண்டலிக்க வேண்டும். இந்தப் பக்கம் 'ஹனி பீ'க்குத் திரும்புவதில்லை. 'தொடுப்புக் கலவை' அல்லது 'இடைவெளியிலாக் கலவை' போதாதா?

* * *

ஐயா, 'தொடுப்பு' பூவுக்கு அழகான சொல்தான். ஆனால் பேச்சு வழக்கில் அதற்குக் கள்ள உறவு என்ற பொருள் ஊன்றிவிட்டது. பாடநூலில் வைத்தால் வகுப்பு சிரிக்கும்.

'இடைவெளியிலா' என்பதில் சிக்கல் இன்னும் பெரிது. இடைவெளி இல்லாமல் ஒலிப்பது இயக்கியின் (பிளேயரின்) குணம், கலவையின் குணம் அன்று. எம்பி3 கோப்பு 1,152 ஒலி மாதிரிகள் (சாம்பிள்கள்) கொண்ட சட்டகங்களாக எழுதப்படுகிறது. கடைசிச் சட்டகம் நிரம்பாவிட்டால் வெற்றொலியால் நிரப்பிவிடும். கோப்பின் தலையிலும் கொஞ்சம் வெற்றொலி சேரும். மேற்படி பக்கத்தை மூன்று கோப்புகளாக வெட்டி, இதைக் கழிக்கத் தெரியாத இயக்கியில் ஓடவிட்டால், பாட்டு மாறும் இடத்தில் தாளம் ஒரு கணம் தடுக்கி விழும். அங்கே இடைவெளி வந்துவிட்டது, கலவை மாறவில்லை. ஆகவே 'இடைவெளியிலா ஒலிப்பு' என்பதை இயக்கிக்கே விட்டுவைப்போம்.

கலவை செய்பவரின் வேலை வேறு. இரண்டு நாடாக்களின் முனையைப் பிளேடால் சரிவாக வெட்டி ஒட்டினால் வெறும் மூட்டுதான் கிடைக்கும். இரண்டு பாட்டும் சில நொடி சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் இரண்டு கருவிகளை ஒன்றாக ஓட்டி மூன்றாவதில் பதிய வேண்டும். ஒவ்வொரு மறுபதிவிலும் நாடாவின் இரைச்சல் கூடும். நிமிடத்துக்கு 120 தாள அடி ஓடும் பாட்டோடு 122 தாள அடி ஓடும் பாட்டைச் சேர்த்தால் அடிக்கு 8 மில்லிநொடி விலகும். பதினாறாவது அடியில் விலகல் கால் அடி ஆகிவிடும். பாஸ் டிரம் இரட்டையாகக் கேட்கும். நாடாவின் வேகத்தைக் கூட்டிச் சரிசெய்யலாம், ஆனால் சுருதியும் கூடவே ஏறும்; இந்த இரண்டு அடி வித்தியாசத்துக்கே அரைச்சுரத்தில் கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். பாடகரின் குரல் மெலிந்து கேட்பது அதனால்தான். ஆகவே குரலும் தந்திகளும் விலகி டிரம்மும் பாஸும் மட்டும் நிற்கும் இடமாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். அங்கே மோதிக்கொள்ளச் சுரம் குறைவு. அந்த இடத்துக்குத் 'தனி' என்று பெயரிட வேண்டாம். தனி ஆவர்த்தனம் கலைஞரின் வித்தை, இது பாட்டில் விடும் வெளி. 'தாளவெளி' என்பேன்.

பக்கத்தின் நீளமும் இதில் சேர்ந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் 20 நிமிடத்தைத் தாண்டத் தாண்ட வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். பாஸும் ஒலியளவும் குறையும். நடன அரங்குக்கு அது ஆகாது. பாட்டுகளை இவ்வளவு நீட்டிய பிறகு ஒரு பக்கத்தில் மூன்றுக்கு மேல் கொள்ளாது.

மண்டலித்தல் பற்றி: மண்டலிக்காமல் செல்வதும் அந்தாதிதான். மறுபடி வருவது எது என்பதற்கு விடை, தாள அடி. சொல் மாறினாலும் அந்த அடி அறுவதில்லை. எழுத்தந்தாதி, அசையந்தாதி என்று மரபு பிரிக்கும்போது தாளத்துக்கும் ஓரிடம் கொடுக்கலாம்.

பட்டியலுக்கு என் வரைவு:

அந்தாதிக் கலவை: முழுநீளப் பாடல்களைத் தாள அடி அறாமல், பெரும்பாலும் தாளவெளியில், ஒன்றோடொன்று சேர்க்கும் ஒலிக்கலவை. கதம்பம், இடைவெளியிலா ஒலிப்பு ஆகியவற்றிலிருந்து வேறானது. எ-டு: குளோரியா கெய்னர், 'நெவர் கேன் சே குட்பை', முதல் பக்கம்.

'அறாமல்' என்பதற்குப் பதில் 'தொடர' என்று போடுவதானாலும் எனக்குச் சம்மதம்.