குப்பியைத் திருப்பி வைத்தாள்

தாழ்மையைப் பற்றிச் சபையில் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று மனதாரத்தான் சொன்னேன். அந்தத் தாழ்மை எவ்வளவு என்று தெரிந்தது தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒரு இரவுப் பணியில்.

ஹெபாரின் கலந்துகொண்டிருந்தேன். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து. அளவு கூடினால் உள்ளே இரத்தக்கசிவு வரும், அதனால் இரண்டு நர்ஸ் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். 5 மில்லி குப்பி 5,000 யூனிட்டிலும் வரும், 25,000 யூனிட்டிலும் வரும். 14 வருடமாகக் கையில் எடுக்கிற குப்பி என்பதால் லேபிளைப் படிக்காமலே எடுத்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண்ணிடம் நோட்டை நீட்டினேன்.

"சிஸ்டர், கணக்கு எனக்குச் சரியா வரலை."

"எனக்குத் தெரியாதா? போடும்மா."

அவள் பதில் பேசவில்லை. குப்பியை எடுத்து, எண் தெரியும்படி என் பக்கம் மெதுவாகத் திருப்பி வைத்தாள். விரல் நடுங்கியது. 25,000. நான் போட்டிருந்த கணக்கு 5,000-க்கு. அந்த நோயாளிக்கு ஐந்து மடங்கு போயிருக்கும்.

கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தோம். விடியற்காலையில் வேதாகமத்தில் வரும் பிரசங்கியார் அப்பொல்லோ ஞாபகம் வந்தார். அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரம். வேதத்தில் வல்லவர், ஆனால் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். மீதியை விளக்கிச் சொன்னது கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். அவருடைய பேச்சுத்திறமை பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டது பற்றி ஒன்றுகூட ஞாபகமில்லை. எனக்கு இப்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

காலையில் பணி மாறும்போது எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் அதட்டியதும் எல்லார் காதிலும் விழுந்ததுதானே.

* * *

சகோதரி, உங்கள் அனுபவத்தைப் படித்ததும் என்னுடையதையும் சொல்லத் தோன்றியது. நான் கணக்குப் பிரிவு மேலாளர். எல்லா வவுச்சரும் என் மேஜைக்கு வந்தே தீர வேண்டும் என்று வைத்திருந்தேன். அதைப் பொறுப்புணர்ச்சி என்று நம்பினேன். "சின்னத் தொகையெல்லாம் பிரிவுல இருக்கிறவங்களே பார்க்கட்டும் சார்" என்றார் ஒரு சக ஊழியர். அவர் வேறு மதத்தவர். ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

அப்புறம் யாத்திராகமம் 18 வாசித்தேன். காலை முதல் சாயங்காலம் வரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயிடம், ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னவர் மாமனார் எத்திரோ, மீதியானின் ஆசாரியர். எரிகிற முட்செடியிலிருந்து தேவன் பேசக் கேட்ட மோசே, மாமனார் சொன்னபடியே செய்தார்.

மறுநாள் வவுச்சர் கட்டை அந்தச் சக ஊழியரின் மேஜைக்கு நானே எடுத்துப் போனேன். "இதுல எதையெல்லாம் நான் பார்க்க வேண்டாம்னு பிரிச்சுக் கொடுங்க" என்றேன்.