சர்ச்சிலை வளர்த்த ஆயாவுக்கு எவ்வளவு பங்கு?

தேனிக்காரன்:
எலிசபெத் எவரெஸ்ட் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பின்னாளில் பிரிட்டன் பிரதமரான வின்ஸ்டன் சர்ச்சில் 1874 நவம்பரில் பிறந்தார். சில மாதங்களுக்குள் இவர் ஆயாவாக வந்து சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கு அரசியல், அம்மாவுக்கு விருந்தும் விழாவும். பிள்ளை "வூம்", "வூம்" என்று தேடியது இவரைத்தான். அம்மா தனக்கு மாலை நேரத்து வெள்ளி மாதிரி, தூரத்தில் நின்றுதான் நேசித்தேன், மனக்குறையைக் கொட்டியதெல்லாம் ஆயாவிடம் என்று சர்ச்சிலே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1940இல் ஐரோப்பாவே ஹிட்லர் முன்னால் சரிந்தபோது அசையாமல் நின்றாரே, அந்த நெஞ்சுரம் இந்த அம்மாவின் மடியில் கிடைத்தது என்றே நான் நம்புகிறேன்.

கரிசல்மண்:
ஏற்க முடியவில்லை அண்ணே. 1943 வங்கப் பஞ்சத்தின்போது பிரதமராக இருந்தவரும் இதே ஆள்தானே? லட்சக்கணக்கில் செத்தார்கள், 30 லட்சம் வரை கணக்குச் சொல்கிறார்கள். தானியக் கப்பல் அனுப்பச் சொல்லி டெல்லியிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டும் லண்டன் கேட்ட அளவு தரவில்லை. 1940இன் உறுதிக்கு ஆயா காரணம் என்றால் 1943இன் கல்நெஞ்சுக்கு யார் காரணம்? நல்லதை மட்டும் அவர் கணக்கில் எழுதுவது முறையில்லை. சம்பளத்துக்கு வந்த ஒரு பெண், பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அதற்குரிய மரியாதையைக் கொடுப்போம். ஒரு பிரதமரையே தூக்கி அவர் தலையில் வைக்க வேண்டாம்.

தேனிக்காரன்:
பஞ்சத்தை நான் மறைக்கவில்லை தம்பி, அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் "நன்றாகப் பார்த்துக்கொண்டார்" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். 1895 ஜூலை. சர்ச்சிலுக்கு 20 வயது, ஆல்டர்ஷாட்டில் ராணுவ அதிகாரி. வட லண்டனில் தன் சகோதரி வீட்டில் ஆயா சாகக் கிடக்கிறார் என்று சேதி வந்து ஓடுகிறார். வழியில் மழை. ஆயாவின் கை அவர் கோட்டில் படுகிறது, ஈரம். பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமே என்று அந்த அம்மாவுக்குப் பதற்றம். கோட்டைக் கழற்றி நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடங்கினார். தன் உயிர் போகிற நேரத்தில்! அன்று நள்ளிரவு ரயிலில் பட்டாளத்துக்குத் திரும்பி, அதிகாலை அணிவகுப்பு முடிந்ததும் மறுபடி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் சர்ச்சில். இப்படிப்பட்ட ஒட்டுதல் ஒரு மனிதனுக்குள் ஒன்றுமே செய்யாமல் போகுமா?

பொதிகைச்சாரல்:
இரண்டு பேருமே சர்ச்சிலைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். நான் அந்த அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன். கல்யாணமே ஆகாதவர். அந்தக் கால வழக்கப்படி மரியாதைக்காகத்தான் "மிஸஸ் எவரெஸ்ட்" என்றார்கள். 18 வருஷம் உழைத்தவரை 1893இல், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சர்ச்சில் கோபமாக அம்மாவுக்குக் கடிதம் எழுதினார், பயனில்லை. அப்புறம் தன் கையிலிருந்து அவ்வப்போது சிறு தொகை அனுப்பினார்.

என் அம்மா சென்னையில் ஒரு வீட்டில் 16 வருஷம் பிள்ளை பார்த்தார். அந்தப் பையனுக்கு மோர்ச்சாதத்தில் உப்பு ஒரு கல் கூடினாலும் இறங்காது என்பது இன்றைக்கும் அம்மாவுக்கு ஞாபகம். பையன் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகைகூட வரவில்லை. அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: தலைவர் உருவானாரா என்பது கிடக்கட்டும், வளர்த்தவருக்கு என்ன கிடைத்தது?

தேனிக்காரன்:
படித்ததும் மனசு கனத்துவிட்டது அம்மா. உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிற ஒன்று இருக்கிறது. 1908இல் பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை. அப்போது சர்ச்சில் அமைச்சரவையில் இருந்தார். 1925இல் அவர் நிதியமைச்சராக இருந்தபோது விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் அது விரிந்தது. 1930இல் வந்த சுயசரிதையில் ஆயாவைப் பற்றி எழுதும்போதே, கடைசிக் காலத்தில் நாதியில்லாமல் நிற்கும் ஏழைக் கிழவிகளை நினைத்தால் இந்த ஓய்வூதிய ஏற்பாட்டில் தனக்கும் ஒரு பங்கு இருந்தது மகிழ்ச்சி தருகிறது என்கிறார். நானாகக் கோத்த முடிச்சு இல்லை இது, அவரே போட்டது.

கரிசல்மண்:
சரி, ஓய்வூதியத்தை ஒப்புக்கொள்கிறேன், அதில் ஆயாவின் முகம் தெரிகிறது. 1940ஐ மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். காந்தியைப் பாருங்கள். சின்ன வயதில் பேய் பிசாசு என்றால் நடுங்குவார். வீட்டுப் பணிப்பெண் ரம்பா, பயம் வந்தால் ராமநாமம் சொல்லு என்றார். மருந்தைவிட அதைச் சொன்னவள் மேல்தான் அப்போது எனக்கு நம்பிக்கை என்று காந்தி எழுதுகிறார். ராமநாமம் பின்னாளில் தனக்குக் கைகண்ட மருந்தானதற்கு அவள் போட்ட விதையே காரணம் என்றும் சொல்கிறார். தண்டி யாத்திரையை ரம்பா நடத்தினாள் என்று அவர் சொல்லவில்லை. பயந்த பிள்ளைக்கு ஒரு சொல் கொடுத்தாள், அவ்வளவுதான் சொல்கிறார். அந்த அளவோடு நாமும் நின்றால் என்ன?

பொதிகைச்சாரல்:
அந்த அளவே பெரிது தம்பி. ராத்திரி பயந்து எழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. எவரெஸ்ட் அம்மாவின் கல்லறைக் கல்லில் அவர் இறந்த தேதி, வயது 62, கீழே கல் நட்டவர்களாகச் சர்ச்சில், அவர் தம்பி இருவர் பெயரும் இருக்கின்றன. சர்ச்சிலுக்கு முன்னால் அவர் வளர்த்த பெண்ணின் தகப்பனார், ஒரு பாதிரியார், இங்கிலாந்தின் வடகோடியிலிருந்து அந்த அடக்கத்துக்கு வந்திருக்கிறார்.

நேற்று ராத்திரி இந்தப் பதிவுகளை எல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போரையும் பிரதமரையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் கோட்டு காஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.