பிகினி நண்டு ஓட்டைத் தின்னுமா, தின்னாதா?

பவளக்காற்று: "பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா சோதித்த கடைசி அணுகுண்டு வெடித்தது 1958இல். இனி அங்கே தென்னை நண்டைத் தாராளமாகத் தின்னலாம்" என்று நேற்று ஒருவர் அளந்துவிட்டிருக்கிறார். அந்த நண்டு கழற்றிய ஓட்டைத் தானே தின்னும். ஓட்டிலுள்ள ஸ்ட்ரான்சியம்-90, அதாவது குண்டு விட்டுப்போன கதிரியக்கப் பொருள், மறுபடி உடம்புக்குள்தான் போகும்.

மீன்குழம்பு: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? ஸ்ட்ரான்சியம் சுமார் 29 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். இப்போது கால்வாசிகூட இல்லை. அப்புறம், நாற்பது வருடமாக நண்டு ஆய்கிறேன், ஓட்டைத் தின்ற நண்டை நான் பார்த்ததில்லை.

பவளக்காற்று: நீங்கள் ஆய்வது கடல் நண்டு. இது தரை நண்டு, வளர்ந்தபின் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் சாகும். வளைக்குள் வாரக்கணக்கில் ஒளிந்து கிடந்துதான் ஓட்டைக் கழற்றும். புது ஓடு இறுக சுண்ணாம்புச்சத்து வேண்டும், அது பழைய ஓட்டில் இருக்கிறது. ஸ்ட்ரான்சியம் சுண்ணாம்புச்சத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, கூடவே ஒட்டிக்கொள்ளும்.

இளநீர்க்காரன்: ஓட்டை விடுங்கள். அங்கே பெரிய தலைவலி சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள். பவள மணலில் பொட்டாசியம் குறைவு, தென்னை அதற்குப் பதிலாகச் சீசியத்தை உறிஞ்சுகிறது. பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ் உரம்) போட்டால் தேங்காயில் சீசியம் வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் அங்கேயே சோதித்துக் காட்டியது.

மீன்குழம்பு: பொட்டாஷ் நானும்தான் போடுகிறேன். நண்டுக்கும் வைக்கச் சொல்வீர்களா? கேள்வி ஒன்றுதான்: ஓட்டைத் தின்றதைப் பார்த்தது யார்?

வளைக்காரி: அது 'தேங்காய் நண்டு' அல்லவா? தென்னை என்பது மரம்.

பவளக்காற்று: மரம் ஏறும் நண்டம்மா, எப்படிச் சொன்னாலும் சரி. மீன்குழம்பு, 1968இல் அமெரிக்க அதிபர் ஜான்சனும், சோதனைக்காக வெளியேற்றப்பட்ட பிகினிக்காரர்களிடம் 'ஊர் திரும்பலாம்' என்றார். நம்பிப் போனவர்கள் அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றார்கள், உடம்பில் சீசியம் ஏறியது, 1978இல் மறுபடி கப்பலேற்றினார்கள். உங்கள் 'தாராளமாக' அந்த ரகம்.

மீன்குழம்பு: ஜான்சனுக்கும் எனக்கும் என்ன சொந்தம்? போன மாதம் கருவாட்டு விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

பவளக்காற்று: கருவாட்டில் தோற்றது யார் என்று ஊருக்கே தெரியும். நண்டு ஓட்டைத் தின்னும்.

மீன்குழம்பு: தின்னாது. சாயந்தரம் சந்தையில் கேட்டுவிட்டு வருகிறேன்.

பவளக்காற்று: சந்தையில் இருப்பதும் கடல் நண்டுதானய்யா!