வலைப்பையில் செடி வைத்தவர்கள் வாருங்கள், உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல் மஞ்சக்கொத்து:
பொங்கலன்று விடியற்காலையில் நடந்தது, இன்னும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். எல்லாரும் வாங்கினோமே, அந்தக் கறுப்பு ஜாரிங் பைதான், வலைப்பை. பக்கவாட்டில் திறந்து மூடுகிற மடிப்பு, அதில் ஒட்டுப்பட்டை. மடிப்பைத் திறந்து கிழங்கை எடுக்கலாம், பையை வருஷா வருஷம் பயன்படுத்தலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. சித்திரையில் மஞ்சள் ஊன்றினேன். மார்கழிக்குள் இலை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. இந்த வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ் போய் மஞ்சள் கொத்து வாங்கவேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியும் வைத்துவிட்டேன்.

பானைக்கு விபூதி பூசிப் பொட்டு வைத்தாயிற்று. மாமியார் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் தண்டைப் பிடித்து இழுக்கிறேன், பையும் சேர்ந்தே வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால், விரலிக் கிழங்குகள் வலைக்கண் வழியாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கின்றன. உள்ளே பருமன், வெளியேயும் பருமன், நடுவில் நூல் சதைக்குள் இறங்கி அந்த இடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கி, சாறு கசிந்து என் கையெல்லாம் மஞ்சள். கடைசியில் கத்தரிக்கோலால் பையைத்தான் வெட்டினேன். பானையில் கட்டிய கொத்தில் கறுப்பு நூல் தொங்குகிறது. மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வருஷத்துப் படம் எல்லாவற்றிலும் அந்த நூல் தெரிகிறது!

இந்தப் பையை நிஜமாகவே இரண்டாம் வருஷமும் பயன்படுத்தியவர் யாராவது இருக்கிறீர்களா?

கெலுகோர் மாடிச்செடி:
எனக்குப் பை கிழியவில்லை அக்கா, மானம்தான் கிழிந்தது. பினாங்கில் ஃபிளாட், பால்கனிக் கம்பியோரம் வரிசையாக வலைப்பை, உள்ளே முழுக்க கோக்கோபீட், தேங்காய் நார்த்தூள். தண்ணீர் ஊற்றினால் நாலு பக்கமும் வழியும் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) கதவைத் தட்டினார். கையில் ஹேங்கரோடு அவர் மகளின் பள்ளிக்கூட வெள்ளை பாஜு குரோங் உடை. தோளிலிருந்து கீழ்வரை ஒரு பழுப்புக் கோடு, பால் இல்லாத தே ஓ டீயை ஊற்றியது போல. சத்தம் போட்டிருந்தால்கூட நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவரோ துணியைத் தூக்கிக் காட்டி "ஈனி ஆப்பா யா?" (இது என்ன?) என்று மெதுவாகக் கேட்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் லிஃப்டில் அவரைப் பார்த்தால் நான் ஃபோனை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் பழுப்பு தேங்காய் நாரிலிருந்து இறங்கும் சாயம், கூடவே உப்பும் வரும். வாளியில் ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் பையில் போடவேண்டும். பால்கனி வீட்டுக்காரர்கள் வலைப்பை வாங்குவதற்கு முன் கீழே யார் துணி காயப்போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாப் பைக்கும் அடியில் தட்டு வைத்துவிட்டேன்.

வங்சா மாஜு:
கெலுகோர், அந்தத் தட்டைத்தான் முதலில் பாருங்கள். எங்கள் புளோக்கில் டெங்கி வந்து சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாக ஏறினார்கள். என் கறிவேப்பிலைப் பைக்கு அடியில் தட்டு இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் பையன் டார்ச்சை அடித்துவிட்டு, பேசாமல் ஒதுங்கி என்னைப் பார்க்கச் சொன்னான். தட்டுத் தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. பிள்ளைகள் தூங்குகிற அறைக்கு நேர் வெளியே. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு அபராதம் உண்டு. ஒரு வாரம் தண்ணீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு பறந்துவிடும். தட்டு வேண்டுமென்றால் மணலை நிரப்பி அதன்மேல் பையை வையுங்கள், அல்லது அபேட் (கொசுப்புழு மருந்து) போடுங்கள்.

தோட்டத்து ஆள்:
எல்லாருக்கும் வணக்கம். செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்து நாற்றுப்பண்ணையில் காலம் தள்ளியவன் நான், இப்போது மகன் வீட்டோடு புக்கிட் மெர்தாஜாமில். பேரன் ஆன்லைனில் ஃபெல்ட் பை (தடித்த துணிப்பை) வாங்கி மிளகாய் வைத்தான். பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் ஈப்போ போய்த் திரும்பினோம். அவன் பையைத் தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லை, மண் காய்ந்து பையைவிட்டு விலகி நிற்கிறது. பக்கத்தில் என் பாலிபேக் (கறுப்பு பிளாஸ்டிக் பை) செடி பூத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் கேளுங்கள். செம்பனைக் கன்று முதலில் சின்னப் பையில் மூன்று மாசம், அப்புறம் பெரிய கறுப்புப் பைக்கு மாறும், வெளியில் நட ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அத்தனை வெயிலையும் அந்தப் பை தாங்கும். நடுகிற அன்று பையைக் கிழித்துப் போடுவோம், யாரும் துவைத்துக் காயவைத்து அலமாரியில் அடுக்கவில்லை. விவசாயச் சாமான் கடையில் கெட்டியான பையாகக் கேட்டு வாங்குங்கள், விலை காசுக் கணக்குத்தான். ஓட்டை அடியில் மட்டும் போதாது, பக்கத்திலும் கீழ்ப்பாதியில் இருக்கவேண்டும். மண்ணை விளிம்பு வரைக்கும் கொட்டாதீர்கள், ரெண்டு விரல்கடை குறையவிட்டால்தான் தண்ணீர் நின்று இறங்கும். ஆட்டுப்புழுக்கையைப் பச்சையாகப் போடாதீர்கள், மட்கியதாகப் பார்த்துப் போடுங்கள், இல்லையென்றால் வேர் வெந்துவிடும். மேல்மண்ணில் காய்ந்த இலை அல்லது வைக்கோல் போட்டு மூடுங்கள். சுட்ட உமி கால் பங்கு கலந்தால் மண் இறுகாது. பையைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் ரெண்டு செங்கல்மேல் வையுங்கள். காலையில் தண்ணீர், சாயங்காலம் மழை இல்லை என்றால் கொஞ்சம். இலை மேல் ஊற்றாதீர்கள். பேரனிடம் சொன்னால் யூடியூப் பார்க்கிறேன் தாத்தா என்கிறான்.

செராஸ் கஸ்தூரி:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் ஒரு வருஷத்தில் வெளியே போகிற கன்றை வைத்து மற்ற செடிக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நான் லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பாலிபேக்கில் வைத்திருந்தேன், நன்றாகக் காய்த்தது. அம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நட்டோம், ஆள் உயரம் வந்தது. ஒரு சாயங்காலப் பெருமழையில் சாய்ந்துவிட்டது, ஒடியவில்லை, அப்படியே படுத்துவிட்டது. போய்ப் பார்த்தால் வேர் எல்லாம் பையின் அதே வட்டத்தில் சுற்றிச் சுற்றி இருக்கிறது. இத்தனை நாள் தரையில் இருந்தும் ஒரு வேர்கூட அந்த வட்டத்தைவிட்டு வெளியே போகவில்லை. அம்மா அதைக் காலால் தள்ளிப் பார்க்கிறார், உருள்கிறது.

துணிப்பையில் இது பெரும்பாலும் நடக்காது. வேர்நுனி பையின் ஓரத்துக்கு வந்து காற்றுப் பட்டால் காய்ந்து நின்றுவிடும், உள்ளேயிருந்து பக்கவேர் கிளைக்கும். அதற்குத்தான் அந்தப் பையே. தண்ணீர் அதிகம் குடிக்கும், உண்மைதான், கோலாலம்பூர் வெயிலுக்குச் சில நாள் ரெண்டு வேளையும் ஊற்றவேண்டும். விடுமுறைக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகாமல் பையைக் குறை சொன்னால் எப்படி?

செந்தூல் அக்கா, உங்களுக்கு மாட்டியது வெங்காய மூட்டை ரகப் பெரிய கண் வலை. கிழங்குச் செடிக்கு அது ஆகாது. அடர்த்தியான ஃபெல்ட் எடுங்கள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று போட்டிருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் விரல் எண்ண முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்தது கைப்பிடி. விளிம்பில் மட்டும் தைத்திருந்தால் வேண்டாம், பட்டை கீழே வரைக்கும் ஓடவேண்டும். பத்து கேலன் பை 38 லிட்டர், நனைந்த மண்ணோடு அதை ஒரு ஆள் தூக்கவே யோசிக்கவேண்டும்.

கெப்போங்:
வெயில் படுகிற பக்கம் என் ஜாரிங் பையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. செதில் செதிலாக, நொறுங்கி, கீரைக்கு நடுவில் மண்ணெல்லாம் கறுப்புத் துகள். உட்கார்ந்து பொறுக்கினேன், பொறுக்கப் பொறுக்க இன்னும் சின்னதாக உடைகிறது. அந்தக் கீரையை யாருக்கும் சமைத்துப்போட மனசு வரவில்லை. வெயில் தாங்கும் சேர்மானம் இல்லாத மலிவு பிளாஸ்டிக் நூல் இப்படித்தான் ஆகும்.

பட்டர்வொர்த் கத்தரி:
ரெண்டாம் வருஷம் பயன்படுத்தியவர் உண்டா என்று கேட்டீர்களே, நான் பயன்படுத்தினேன். அதுவும் அடுத்தவர் பை. தெரிந்த அண்ணன் ஒருவர் ஃபிளாட் மாறிப் போகும்போது ஃபெல்ட் பைகளை இலவசமாகத் தந்துவிட்டுப் போனார். கத்தரி வைத்தேன். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் மத்தியானம் வாடி, ராத்திரி நிமிர்ந்து, மறுநாள் இன்னும் வாடி, இலை பச்சையாகவே இருக்கும்போது செடி படுத்துவிட்டது. வரிசையில் அடுத்தது, அதற்கு அடுத்தது. அடித்தண்டை வெட்டிக் கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிடச் சொல்லி ஒரு நர்சரிக்காரர் சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு இழை, பால் நூல் கணக்காகக் கீழே இறங்குகிறது. அசையாமல் இறங்குகிறது. பாக்டீரியா வாடல். அதுவரைக்கும் அந்தக் கிளாஸில்தான் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், தூக்கிப் போட்டுவிட்டேன்.

நோய் என் மண்ணில் வந்ததா, நாற்றில் வந்ததா, பையில் இருந்ததா என்று எனக்கு நிரூபிக்க வழியில்லை. ஆனால் அண்ணனிடம் மெதுவாக விசாரித்தபோது போன வருஷம் அவர் தக்காளியும் அப்படியேதான் போனது என்றார், வெயில் அதிகம் என்று நினைத்தாராம். ஃபெல்ட்டுக்குள் மண்ணும் வேர்த்துண்டும் தங்கும், சும்மா உதறினால் போகாது. இப்போது நான் செய்வது: பையைக் காயவைத்து, உள்ளும் புறமும் திருப்பித் தேய்த்து மண் முழுக்கப் போகக் கழுவி, அப்புறம்தான் குளோராக்ஸ் (ப்ளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து ஊறவைப்பது. மண் இருந்தால் குளோராக்ஸின் வேகம் அடங்கிவிடும். பிறகு நன்றாக அலசி வெயில். வாடல் வந்த பை என்றால் இதெல்லாம் வேண்டாம், குப்பையில் போடுங்கள். அந்த மண்ணையும் கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சி எதற்கும் திரும்ப எடுக்காதீர்கள். அண்ணனிடம் இன்னும் நான் சொல்லவில்லை, புது வீட்டில் தக்காளி போட்டிருப்பதாகக் கேள்வி.

தோட்டத்து ஆள்:
செராஸ் தம்பி, பழ மரத்தை அத்தனை காலம் ஒரே பையில் வைக்கச் சொன்னது யார்? நடும்போது சுற்றிய வேரைக் கத்தியால் நாலு பக்கமும் கீறிவிட்டு நட்டிருந்தால் மரம் நின்றிருக்கும். காற்றுப் பட்டு வேர் நுனி காய்கிற விஷயம் நீங்கள் சொன்னது சரி, பேரனும் அதையேதான் சொன்னான். பட்டர்வொர்த், அந்த அண்ணனுக்கு இன்றைக்கே ஃபோன் போடுங்கள், காய் பிடித்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.